பிளந்த உதடும் பிளவுபடும் குடும்பமும்

பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் "யாருடைய சாயல்?" என்று கேட்பது வழக்கம். உதடு பிளந்து பிறந்த பிள்ளையின் வீட்டில் இக்கேள்வி எழுவதில்லை. "கிரகணத்தன்று வெளியே போனாயா? கத்தியைத் தொட்டாயா?" என்ற விசாரணையே நடைபெறுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தாய்.

மலையகத் தோட்டங்களில் பணியாற்றும் நாம் இதனைப் பல லயன்களில் கண்டுள்ளோம். இரு வீட்டாரும் பழியை மாறி மாறிச் சுமத்துகின்றனர். குழந்தையைத் துணியால் மூடி வைக்கின்றனர். ஞானஸ்நானத்தைக்கூடத் தள்ளிப்போடுகின்றனர். பிள்ளைக் காம்பராவில் பாலூட்டத் தெரிந்தவர் இல்லையென்றால், மூத்த மகள் பாடசாலையை விட்டு வீட்டில் நிற்கிறாள்.

உண்மை என்ன? கருவில் 4 முதல் 7 ஆம் வாரத்தில் உதடும், 6 முதல் 9 ஆம் வாரத்தில் அண்ணமும் உருவாகின்றன. இருபுறத்து இழையங்களும் முழுமையாக இணையாவிடில் பிளவு ஏற்படுகிறது. உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்று இவ்வாறு அமைகிறது. பரம்பரை இயல்பு, புகைத்தல், சில மருந்துகள் போன்றவை காரணமாகலாம். கிரகணத்திற்கு இதில் பங்கில்லை.

உடனடி ஆபத்து பசியே. அண்ணம் பிளந்த குழந்தையால் முலைப்பாலை உறிஞ்சி இழுக்க முடியாது. பால் மூக்கால் வழிகிறது. எனவே தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, சுத்தமான சிறு கோப்பையாலோ கரண்டியாலோ ஊட்ட வேண்டும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, இடையிடையே ஏவறை விடச் செய்ய வேண்டும்.

எடை கூடினால்தான் சத்திரசிகிச்சை. பத்து வாரம், பத்து இறாத்தல், இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்பது உதட்டுச் சிகிச்சைக்கு வைத்தியர்கள் கைக்கொண்டுவந்த பழைய கணக்கு. அண்ணத்தைப் பொதுவாக 9 முதல் 18 மாதங்களுக்குள் மூடுகின்றனர். பேச்சு வளருமுன் இது நடைபெறல் நன்று. உதடு பொருந்தியதும் எல்லாம் முடிந்ததென்று கிளினிக்கை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அப்பிள்ளை மூக்கால் பேசி, வகுப்பில் கேலிக்குள்ளாகி, வாய்திறக்கவே அஞ்சும். காதில் அடிக்கடி நோய்த்தொற்று ஏற்பட்டுக் கேள்வித்திறனும் குறையலாம்.

பேராதனை பல் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் செலவும், வேலைக்குப் போகாததால் இழக்கும் பேரும் இலவசமல்ல. வார்ட்டில் பல நாள் தங்கும் தாயின் அடுப்பை யார் மூட்டுவது? பங்கு மக்களின் கடமை இங்கேயே தொடங்குகிறது. மாதர் சங்கங்கள் பயணச் செலவிற்குச் சிறு நிதி சேர்க்கலாம். தாயுடன் ஒருவர் துணைக்குச் செல்லலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அயலவர் சோறு கொடுக்கலாம். பிள்ளைக் காம்பராப் பணியாளருக்குக் கோப்பையால் பாலூட்டும் முறையைக் குடும்ப நல மருத்துவிச்சி வாயிலாகக் கற்பிக்கலாம்.

பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டனர். அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று மறுத்த இயேசு, உடனே அவனைக் குணப்படுத்தும் வேலையில் இறங்கினார். உங்கள் தோட்டத்தில் இத்தகைய பிள்ளை இருப்பின், பழி விசாரிப்பதை விடுத்து, இவ்வாரமே அத்தாயுடன் கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.