கோள் பார்க்க டெலஸ்கோப்: காசை எங்கே போடுவது?



விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றி எப்போது பேசினாலும் பின்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "அதெல்லாம் சரி, வீட்டுல வச்சு சனி வளையம் பார்க்க என்ன டெலஸ்கோப் வாங்கலாம்?" மைக் முன்னால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

ஒரு சிஸ்டம் மெதுவாக ஓடினால் முதலில் எங்கே அடைக்கிறது என்று பார்ப்போம், இல்லையா? டேட்டாபேஸ் திணறும்போது வெப் சர்வரை இரண்டு மடங்காக்கிப் பிரயோஜனம் இல்லை. கோள் பார்ப்பதும் அந்த மாதிரி ஒரு சங்கிலிதான். வியாழனின் வெளிச்சம் வளிமண்டலத்தையும், குழாய்க்குள் இருக்கும் காற்றையும், கண்ணாடியையும், ஐபீஸையும் தாண்டி வர வேண்டும். இத்தனையையும் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு மவுண்ட் வேண்டும். இதில் எது மோசமோ, படமும் அந்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கடையில் பெட்டி மேல் பெரிதாகப் போடுவது ஒரே ஒரு எண்ணை: உருப்பெருக்கம்.

525 மடங்கு எதற்கு?

வானத்தில் தூரத்தை பாகை, கலை, விகலை என்று அளப்பார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலாவின் அகலம் சுமார் 1800 விகலை. வியாழன் நமக்கு அருகில் வரும்போது சுமார் 45 விகலை. அதாவது நிலாவில் நாற்பதில் ஒரு பங்கு. இதைத் திருப்பிப் பாருங்க: வெறும் 40 மடங்கு பெரிதாக்கினாலே, வெறுங்கண்ணால் பார்க்கும் நிலா அளவுக்கு வியாழன் தெரியும். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் குழாயில்தான்.

உருப்பெருக்கம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. டெலஸ்கோப்பின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் வருவது. சின்ன ஐபீஸ் ஒன்றைப் போட்டு யாரும் 525 என்று அச்சடிக்கலாம். ஆனால் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை முடிவு செய்வது முன்பக்க வில்லை அல்லது கண்ணாடியின் விட்டம். 116-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால், எத்தனை விகலை இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்று தெரியும். 60 மி.மீ. குழாய்க்கு 1.9 விகலை. 150 மி.மீ. குழாய்க்கு 0.77. அதற்கு மேல் பெரிதாக்குவது, சின்ன போட்டோவை ஜூம் பண்ணுவது மாதிரி, மங்கல்தான் பெரிதாகும்.

ஒரு எளிய விதி: விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, பெரும்பாலான இரவுகளில் அத்தனை மடங்கு சுகமாகப் பார்க்கலாம். காற்று நன்றாக இருந்தால் ஒன்றரை மடங்கு வரை போகலாம். இரண்டு மடங்கு உச்சவரம்பு. 60 மி.மீ. குழாய்க்கு 120-க்கு மேல் எதுவும் விளம்பரம்தான்.

முதல் அடைப்பு தலைக்கு மேலே

அப்ப பெரிய விட்டமாக வாங்கினால் போதுமா? போதாது. பல இரவுகளில் அடைப்பு வளிமண்டலத்தில்தான் இருக்கும். கொதிக்கும் ரோட்டுக்கு மேலே தூரத்து வண்டி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றுக் கொந்தளிப்பு வியாழனையும் நெளிய வைக்கும். இதற்குக் காசு கொடுத்து வாங்கும் தீர்வு இல்லை. காசில்லாத தீர்வுகள் உண்டு.

ஒன்று, கோள் உயரத்தில் இருக்கும்போது பார்ப்பது. தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில், தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட இருமடங்கு காற்றை வெளிச்சம் கடந்து வருகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்: கோள்கள் எப்போதுமே நன்றாக மேலே ஏறும். லண்டன், டொரண்டோ, ஓஸ்லோ பக்கம் இருப்பவர்கள் ஆண்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டும். 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. அப்போது லண்டனிலிருந்துகூட இரண்டும் 50 பாகைக்கு மேல் ஏறும்.

இரண்டு, குழாயை ஆறவிடுவது. ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் 22 டிகிரியில் இருந்த கண்ணாடியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் வெளிக் காற்றுக்குக் கொண்டுபோனால், கண்ணாடியிலிருந்து கிளம்பும் சூடான காற்று குழாய்க்குள்ளேயே படத்தைக் குலைக்கும். 200 மி.மீ. கண்ணாடிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கொடுங்க. சாப்பிட உட்காரும் முன்பே வெளியே வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

மூன்று, பக்கத்து வீட்டுக் கூரைக்கும் புகைபோக்கிக்கும் மேலே பார்க்காமல் இருப்பது. பகல் சூட்டை அவை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரு தாளின் கனம்

இப்போது மவுண்ட். வாங்கும்போது யாரும் கவனிக்காததும், வாங்கிய டெலஸ்கோப்பை அலமாரிக்குள் அனுப்புவதும் இதுதான்.

கணக்கைப் பாருங்க. குழாய் ஒரு மீட்டர் நீளம். அதன் நுனி 0.1 மி.மீ. அசைகிறது, அதாவது பிரிண்டரில் போடும் ஒரு தாளின் கனம். அந்த அசைவு வானத்தில் 20 விகலை. வியாழனின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி! ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே மெல்லிய அலுமினியக் கால்கள் இதைவிட அதிகம் ஆடும். விலை உயர்ந்த வில்லையை அதன் மேல் வைத்தாலும் ஆட்டம் குறையாது.

கூடவே பூமியும் சுற்றுகிறது. வானம் ஒரு வினாடிக்குச் சுமார் 15 விகலை நகர்கிறது. 200 மடங்கில் சாதாரண ஐபீஸ் காட்டும் வானத்தின் அகலம் கால் பாகை. ஒரு ஓரத்தில் நுழைந்த வியாழன் ஒரு நிமிடத்தில் மறு ஓரத்தில் வெளியே போய்விடும். ஒவ்வொரு நிமிடமும் குழாயைத் தள்ள வேண்டும். தள்ளியதும் ஆட்டம் அடங்கக் காத்திருக்க வேண்டும். அடங்க பத்து வினாடி என்றால், பார்க்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்க. பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை "எங்கப்பா, ஒண்ணும் தெரியலையே" என்று நின்றுகொண்டிருந்தால் இன்னும் கஷ்டம். அந்தப் பிள்ளை இரண்டாவது முறை வந்து எட்டிப் பார்க்குமா என்பது மவுண்டின் கையில்தான் இருக்கிறது.

கடையிலோ, பழையது விற்பவர் வீட்டிலோ இந்தச் சோதனையைச் செய்யலாம். அதிக உருப்பெருக்கத்தில் தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே குழாயை விரலால் தட்டுங்கள். இரண்டு வினாடிக்குள் படம் நின்றால் நல்லது. ஐந்து வினாடிக்கு மேல் ஆடினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

குழாய் வகைகள்

வில்லை வைத்த ரிஃப்ராக்டர்: பராமரிப்பு இல்லை, சீக்கிரம் ஆறும், கான்ட்ராஸ்ட் அருமை. ஆனால் விலை குறைந்த, குட்டையான ரிஃப்ராக்டர்களில் பிரகாசமான கோளைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும். அது இல்லாத சிறப்புக் கண்ணாடி வில்லைகள் விட்டம் கூடக்கூட விலையில் தாவும்.

கண்ணாடி வைத்த நியூட்டோனியன்: அதே காசுக்கு அதிக விட்டம். நடுவில் இருக்கும் சிறு கண்ணாடி கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் தின்னும். இரண்டு கண்ணாடிகளும் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: குழாய் அரை மீட்டர்தான், ஆனால் குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று போட்டிருக்கும் மலிவான நியூட்டோனியன்களைத் தவிருங்கள். உள்ளே கூடுதல் வில்லை வைத்துக் கணக்கை ஒப்பேற்றியிருப்பார்கள். கோள்கள் கூர்மையாக வருவது அபூர்வம்.

மக்சுடோவ், ஷ்மிட் காசெக்ரெய்ன்: ஒளியை உள்ளேயே மடித்து அனுப்பும் குட்டைக் குழாய்கள். நீண்ட குவியத் தொலைவு இருப்பதால் கோள்களுக்கு நன்றாகப் பொருந்தும். பையில் போட்டுத் தூக்கலாம். ஆற நேரமெடுக்கும், அவ்வளவுதான்.

மவுண்ட் வகைகள்

டாப்சோனியன் என்பது நியூட்டோனியன் குழாயைத் தரையில் உட்காரும் ஒரு மரப்பெட்டியில் வைப்பது. இதைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் சேர்ந்து, ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். கட்டுமான வேலைக்கு வரும் அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி, கையால் தேய்த்த கண்ணாடி என்று செய்து, நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அதில் இருக்கும் இன்ஜினியரிங் எளிமையானது: மவுண்ட் தாழ்வாகவும் கனமாகவும் இருப்பதால் ஆடாது, மலிவாகவும் இருப்பதால் உங்கள் காசு கண்ணாடிக்குப் போகும்.

ஈக்விட்டோரியல் மவுண்ட்டின் ஒரு அச்சை வானத் துருவத்தை நோக்கி வைத்துவிட்டால், ஒரு குமிழை மட்டும் திருப்பிக் கோளைப் பின்தொடரலாம். மோட்டார் இருந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் அந்த அச்சின் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். லண்டனில் 51 பாகை, சரி. சிங்கப்பூரில் ஒன்று சொச்சம் பாகை. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். பல மவுண்ட்கள் அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். மெல்போர்னில் வேறு சிக்கல்: துருவ நட்சத்திரம் போலப் பளிச்சென்று ஒன்று தெற்கில் இல்லை.

கம்ப்யூட்டர் வைத்த மவுண்ட் தானே தேடித் தானே பின்தொடரும். பிள்ளைகளோடு பார்க்க, வரிசையில் நின்று பார்க்கப் பின்தொடர்வது பெரிய வசதி. தேடித் தருவதற்காக மட்டும் கோள் பார்ப்பவர் காசு கொடுக்கத் தேவையில்லை. வியாழனைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும்.

சரி, என்னதான் வாங்கறது?

தோட்டமோ, கீழ்த்தளத்தில் முற்றமோ இருந்தால்: 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட டாப்சோனியன். 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 8 மி.மீ. ஐபீஸில் 150 மடங்கு. இந்த இரண்டும் போதும். தூக்க முடிந்தால் 200 மி.மீ.

மாடி அபார்ட்மெண்ட், பால்கனி மட்டும் என்றால்: 100 முதல் 127 மி.மீ. மக்சுடோவ், பின்தொடரும் மவுண்ட்டோடு. பால்கனி எந்தத் திசை, எவ்வளவு வானம் தெரியும் என்று முதலில் பாருங்கள். வடக்கு ஐரோப்பாவில் வடக்கு பார்த்த பால்கனி என்றால் கோள் அங்கே வராது. கீழே இறங்கி பார்க்குக்குத்தான் போகணும்.

என்னை மாதிரி கான்ட்ராக்ட் வேலையில் ஊர் ஊராக வீடு மாற்றுகிறவர்களுக்கும் மக்சுடோவ்தான். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் குழாய் அடங்கிவிடும், முக்காலி பெட்டிக்குள். வசிக்கும் ஊரின் அட்சரேகை மாறினாலும், மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் மவுண்ட்டுக்குக் கவலை இல்லை.

எதிர்பார்ப்பையும் சொல்லிடறேன். நாசா படம் மாதிரி தெரியாது. வியாழனில் இரண்டு பழுப்புப் பட்டைகள், நான்கு நிலாக்கள், நல்ல இரவில் பெரிய செம்புள்ளி. சனி சின்னதாக, ஆனால் வளையத்தோடு. 2025 மார்ச்சில் வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக் கோடாகிப் போயிருந்தது. இப்போது வருஷா வருஷம் விரிந்துகொண்டு வருகிறது. செவ்வாய் 2027-இல் 14 விகலைதான். துருவப் பனித்தொப்பியும் கருந்திட்டுகளும் காத்திருந்தால் தெரியும். ஐபீஸில் கண்ணை வைத்து நகராமல் பத்து நிமிடம் பாருங்கள். காற்று நடுநடுவே ஓரிரு வினாடி அடங்கும். அந்த வினாடிகளில்தான் கோள் கூர்மையாகும்.

கடைசியாக, விளையாட்டில்லாத ஒன்று: முன்பக்கம் முழுவதையும் மூடும் சரியான சூரிய ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் எந்த டெலஸ்கோப்பையும் திருப்பாதீர்கள். ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் பெட்டியோடு வந்தால் அன்றே குப்பையில் போட்டுவிடுங்கள். சூட்டில் அது வெடித்தால் போவது கண்.

உங்க பால்கனி எந்தப் பக்கம் பார்த்திருக்கு, பட்ஜெட் எவ்வளவு என்று பதில் மெயிலில் எழுதுங்க. அடைப்பு எங்கே என்று சேர்ந்து தேடுவோம்.