முன்னதாக நீளும் கரம்

பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். கட்டணம் செலுத்தியாயிற்று, நூல்களும் வாங்கியாயிற்று, இனி அவனவன் உழைப்பு என்கிறோம். ஆனால் அறிவியல் பயிலும் மாணவருக்கு வகுப்பறைக்கு அப்பாலும் ஒரு வாயில் உண்டு. அறிவியல் மாநாடே அது.

அங்கே பேரறிஞர்கள் உரையாற்றுவது மட்டும் நிகழ்வதில்லை. இளங்கலை மாணவரும் தம் சிறு ஆய்வைப் பெரிய தாளில் படங்களோடு எழுதிப் பலகையில் பொருத்தி, அதனருகே நின்று, வருவோர் போவோருக்கு விளக்குவர். அவ்வேளையில் ஒரு பேராசிரியர் நின்று கேட்கும் வினா ஒன்றே மேற்படிப்புக்கு வழி திறப்பதுண்டு. அறிமுகம் உள்ள இல்லத்துப் பிள்ளைகளுக்கு இவ்வாயில் எளிதில் திறக்கும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கோ, இப்படியொரு வாயில் உண்டென்பதே தெரியாது.

இக்குறையை அமெரிக்க ஐக்கிய நாட்டில் சிலர் உணர்ந்தனர். மெக்சிக்க வழிவந்தோரும் அம்மண்ணின் பழங்குடியினரும் அறிவியல் துறைகளில் மிகச் சிலராகவே இருந்த நிலையில், அவர்களிடையே தோன்றிய அறிஞர்கள் 1973ஆம் ஆண்டில் 'சாக்னாஸ்' என்னும் சங்கத்தை நிறுவினர். கலிபோர்னியாவின் மொராங்கோ பழங்குடிக் குடியிருப்பில் வளர்ந்து, மனித நினைவாற்றலை ஆராயும் உளவியலாளராக உயர்ந்த மேரிகோல்டு லிண்டன் அம்மையார் அதன் நிறுவுநர்களுள் ஒருவர். மாணவரின் பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு இச்சங்கம் உதவி வழங்கி வந்துள்ளது. அதன் மாநாட்டில் ஆய்வுரைகளோடு பழங்குடியினரின் பறையொலியும் நடனமும் இடம்பெறுவது மரபு. அறிவியலாளராவதற்குத் தம் இனத்தையும் வழக்கத்தையும் துறக்க வேண்டியதில்லை என்பதை இளையோர் அங்கே கண்ணாரக் கண்டு கொள்கின்றனர்.

மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, கணித மேதையாக விளங்கும் ரிச்சர்டு டாப்பியாவின் பெயரால் கணினித் துறைக்கென 2001இல் ஒரு மாநாடு தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க நுண்ணுயிரியல் கழகமும் சிறுபான்மை இன மாணவருக்கென உயிர் மருத்துவ ஆய்வு மாநாடு ஒன்றைத் தொடங்கியது.

ஆயினும் உதவி எவ்வளவு என்பதைப் போலவே, எப்பொழுது என்பதும் முக்கியம். பல கல்வி நிலையங்களில் மாணவர் முதலில் தம் பணத்தைச் செலவிட்டு, பின்னர் ரசீதுகளைக் காட்டித் திரும்பப் பெறுவதே நடைமுறை. வசதியுள்ளோருக்கு இது சிறு தாமதம். மாதக் கடைசியில் அரிசிக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டிற்கோ, அடைபட்ட கதவு. திரும்பி வரும் பணமானாலும், முதலில் கையில் இருந்தால்தானே செலவிட முடியும்? கேட்க வெட்கப்பட்டு, "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லி ஒதுங்கிவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்!

நம் ஆண்டவர் கூறிய நல்ல சமாரியன் உவமையை இங்கே நினைவுகூர்வோம். அவன், காயமுற்றவனே முதலில் செலவைக் கட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. இரு தெனாரியத்தை முன்னதாகவே சாவடிக்காரனிடம் கொடுத்தான்; மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றான். அதற்கும் முன்பு, தானே உடன் நடந்து அவனைச் சாவடியில் சேர்த்தான். பணமும் துணையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அவனது அன்பு.

துணையின் தேவையும் சிறிதன்று. ஆய்வுச் சுருக்கம் எழுதுவது எப்படி, முன்பின் அறியாத அறிஞரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். மகளை வெளியூருக்கு அனுப்ப அஞ்சும் பெற்றோரிடம் வந்து பேச ஓர் ஆசிரியை வேண்டும்.

அன்பான குடும்பத்தினரே, நம் பங்குகளிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவருக்கு இத்தகைய அழைப்பு வரும்போது, பயணச்சீட்டு எடுக்கும் நாளுக்கு முன்பே பங்கிலிருந்து ஒரு கை நீளட்டும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் கல்லூரி ஆசிரியர்களும் இதைக் கூடிச் சிந்திப்பார்களாக. பிள்ளை வாய்திறந்து கேட்கும்வரை காத்திராமல், நாமே சென்று கேட்போம்.