தோட்டத்து ஒலிகள் – 9: லயத்துச் சுவரும் எலக்ட்ரிக் கிட்டாரும்

ரந்தாவ் பக்கம் நான் வளர்ந்த லயத்தில் தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருமினால் இங்கே எல்லாருக்கும் கேட்கும். அந்த லயத்துக்குத்தான் பதினேழு வயதில் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரையும் 15 வாட் ஆம்பையும் கொண்டுவந்து இறக்கினேன். அன்றிரவே பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். "நல்லாத்தான் வாசிக்கிற தம்பி. ஆனா நாலு மணிக்கு எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போகணுமே."

ஆம்பைக் குறைத்தேன். சத்தம் குறைந்தது, கூடவே உயிரும் போயிற்று. ஆம்பை முறுக்கினால்தான் வரும் அந்தக் கரகரப்பு, மெதுவாக வைத்தால் வருவதில்லை. சின்ன ஆம்ப் வாங்கு என்பார்கள். ஆனால் நம் காது வாட் கணக்கில் கேட்பதில்லை. 50 வாட்டை 5 வாட்டாக்கினாலும் காதுக்குச் சுமார் பாதிச் சத்தம்தான் குறையும். அந்தப் பாதியே அத்தையை எழுப்பப் போதும்.

இதே தலைவலி அமெரிக்காவிலும் ஒருவருக்கு இருந்திருக்கிறது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ், போலராய்டு நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தவர். 1976-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டு நிலவறையில்தான் பதிவு செய்தார். 1982-இல் ராக்மேன் என்று கையடக்கப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கிட்டாரைச் செருகி ஹெட்போனில் கேட்கலாம், வீட்டில் வேறு யாருக்கும் கேட்காது. டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்துக் கிட்டார்களே பெரும்பாலும் அதன் வழியாகப் பதிவானவைதான்.

இன்று தாமான் வீட்டில் என்னிடம் இருப்பது ஒரு ஆடியோ இண்டர்ஃபேஸும் லேப்டாப்பும். இண்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமெண்ட்' பொத்தானை அழுத்த மறந்தால் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கும். அழுத்திவிட்டு, ஆம்ப் மென்பொருளில் கரகரப்பைக் கூட்டினால் காதருகே கொசு. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள், ஆம்ப் மாதிரியைக் குற்றம் சொல்லிக்கொண்டு. குற்றம் அங்கில்லை. கிட்டார் ஆம்பின் ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெளியே விடாது. அந்த வடிகட்டி இல்லாமல் கேட்டால் கொசுதான். ஒரு நிஜப் பெட்டியும் மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பிடித்துவைத்த கோப்புக்கு ஐ.ஆர். என்று பெயர். அதை ஏற்றிய நொடியில் கொசு மறைந்து மரப்பெட்டி பேசும். இலவசமாகவே ஏராளம் கிடைக்கின்றன. காசை முதலில் இதைத் தாண்டி எதிலும் போடாதீர்கள்.

கரகரப்பு, தனியாகக் கேட்கும்போது தேவைப்படுவதாகத் தோன்றுவதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமுமாகப் பிரித்துவைத்தால் தடிமன் தானாக வரும். நகலெடுத்து ஒட்டினால் வராது, மறுபடி வாசிக்கத்தான் வேண்டும்.

நான் ஏமாந்தது வேறோர் இடத்தில். நள்ளிரவில் மெல்லிய சத்தத்தில் கேட்டு, அடிநாதம் போதவில்லையென்று கூட்டிக்கொண்டே போனேன். சிரம்பானில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டபோது பானைக்குள் உருமுவதுபோல் இருந்தது. சத்தம் குறைந்தால் நம் காது தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் தொலைக்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம், எனக்குத்தான் மண்டபத்தில் புரிந்தது. இப்போது கடைசித் தீர்மானத்தைப் பகலில், சாதாரணமாகப் பேசும் அளவுச் சத்தத்தில் கேட்டுத்தான் எடுக்கிறேன்.

மிச்சமிருப்பது இரைச்சல். சிங்கிள் காயில் கிட்டாருக்குக் காத்தாடி ரெகுலேட்டரும் போன் சார்ஜரும் பரம எதிரிகள். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் 'ங்ங்' சட்டென்று தணியும். என் அறையில் அது சாமிப் படத்தைப் பார்த்த திசை. காத்தாடியை நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பி, வேர்க்க வேர்க்க மூன்று நிமிடம் வாசிப்பேன். பிறகு காத்தாடியைப் போட்டுக்கொண்டு, பதிவானதைக் கேட்பேன்.

(தொடரும்)