உறக்க மூச்சுத்தடைக்கான அறுவை சிகிச்சை

உறக்க மூச்சுத்தடைக்கான அறுவை சிகிச்சை என்பது, உறக்கத்தின்போது தொண்டைப் பகுதி அடைபட்டு மூச்சு மீண்டும் மீண்டும் தடைபடும் நோயைக் குறைக்கச் செய்யப்படும் பல்வேறு அறுவை முறைகளைக் குறிக்கும். பெரியவர்களுக்கு இவை பெரும்பாலும் முதல் தெரிவாக அமைவதில்லை. முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சீபாப் கருவி ஒத்துவராதபோதே இவை பொதுவாகக் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

நோயும் அளவீடும்

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. மூச்சுவழி குறுகியவர்களில் மென்னண்ணம், நாக்கின் அடிப்பகுதி, தொண்டையின் பக்கச் சுவர்கள் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வழியை அடைக்கின்றன. மூச்சு குறைந்தது 10 நொடிகள் நின்றாலோ, குறிப்பிட்ட அளவு குறைந்தாலோ அது ஒரு நிகழ்வாகும். ஒரு மணி நேர உறக்கத்தில் நேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கை மூச்சுத்தடைச் சுட்டெண் ஆகும். பெரியவர்களில் இது 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என வகைப்படுத்தப்படுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் கடுமையான நோய்க்கு, கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிடுதலே உறுதியான சிகிச்சையாக இருந்தது. 1981ஆம் ஆண்டில் இரண்டு மாற்றுவழிகள் அறிவிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் சீபாப் முறையை வெளியிட்டனர். அமெரிக்காவில் ஷிரோ புஜிதா குழுவினர் உள்நாக்கையும் மென்னண்ணத்தின் ஒரு பகுதியையும் நீக்கும் அறுவையை விவரித்தனர்.

முக்கிய முறைகள்

மென்னண்ண அறுவை: மிகுந்த வலி, விழுங்கும் நீர் மூக்கில் ஏறுதல், தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு ஆகியன இதன் பக்கவிளைவுகள். டான்சில் பெரிதாக உள்ளவர்களில் பலன் மிகுதி. நாக்கின் அடிப்பகுதியில் அடைப்பு உள்ளவர்களில் குறைவு.

தாடை முன்னகர்த்தல்: மேல்தாடையும் கீழ்த்தாடையும் வெட்டப்பட்டு, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்திப் பொருத்தப்படுகின்றன. பலன் அதிகம், ஆயினும் இது பெரிய அறுவையாகும். கீழுதட்டிலும் முகவாயிலும் மரத்துப்போதல் ஏற்படலாம், முகத்தோற்றமும் மாறலாம்.

நாக்கு நரம்புத் தூண்டல்: மார்பின் தோலடியில் பதிக்கப்படும் கருவி, உறக்கத்தில் நரம்பைத் தூண்டி நாக்கை முன்தள்ளுகிறது. 2014ல் அமெரிக்க அரசு இதனை ஏற்றது. அவ்வாண்டு வெளியான 126 பேர் கொண்ட ஆய்வில், சுட்டெண்ணின் இடைநிலை அளவு ஓராண்டில் 29.3இலிருந்து 9.0 ஆகக் குறைந்தது. மின்கலம் தீரும்போது கருவியை மாற்ற மீண்டும் அறுவை தேவைப்படும்.

"வெற்றி" என்பதன் பொருள்

அறுவை ஆய்வுகள் பலவற்றில், சுட்டெண் பாதிக்கும் மேல் குறைந்து 20க்குக் கீழ் வந்தால் அது வெற்றி எனக் கணக்கிடப்படுகிறது. 38 ஆக இருந்த சுட்டெண் 18 ஆனால் அதுவும் வெற்றியே; ஆனால் அந்த நோயாளிக்கு நடுத்தர அளவு நோய் எஞ்சியிருக்கிறது. 1996ல் வெளிவந்த தொகுப்பாய்வில் மென்னண்ண அறுவையின் வெற்றி சுமார் 41 விழுக்காடு. தாடை முன்னகர்த்தல் பற்றிய 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் வெற்றி 86 விழுக்காடு. ஆனால் சுட்டெண் 5க்குக் கீழ் வந்தவர்கள் 43 விழுக்காட்டினரே. குறட்டை நின்றுவிட்டது என்பதும் நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. எனவே அறுவைக்குப் பின் உறக்க ஆய்வை மீண்டும் செய்வது இன்றியமையாதது.

தெரிவு செய்தல்

சீபாப் அணிந்திருக்கும் வரை மட்டுமே பயன் தரும்; அறுவையின் பலன் இரவு முழுதும் தொடரும். எடுத்துக்காட்டாக, சுட்டெண் 40 உள்ள ஒருவர் 8 மணி நேர உறக்கத்தில் 4 மணி நேரம் மட்டும் கருவியை அணிந்தால், அணிந்த நேரத்தில் தடையே இல்லையெனக் கொண்டாலும், அவரது இரவின் சராசரி 20 ஆகும். சுட்டெண்ணை 20 ஆக்கும் அறுவையும் அதே அளவைத் தரும். ஆனால் கருவியைக் கழற்றி வைக்கலாம். வெட்டிய திசுவை மீட்க இயலாது. ஆகவே முகமூடியின் அளவையும் காற்றழுத்தத்தையும் சரிசெய்து பார்த்தல், வாயில் பொருத்தும் தாடைக் கருவி, எடைக் குறைப்பு ஆகியவை முதலில் ஆராயப்படுகின்றன. அறுவை முடிவானால், மருந்தால் உறங்கவைத்து உள்நோக்கியால் அடைப்பிடத்தைக் காண்பது முறையைத் தெரிவு செய்ய உதவுகிறது.

சிறுவர்களில் நிலை வேறு. அவர்களில் டான்சில், அடினாய்டு ஆகியவற்றின் வீக்கமே பெரும்பாலும் காரணமாதலால், அவற்றை அகற்றும் அறுவையே பொதுவாக முதல் சிகிச்சையாகும்.