ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு இரு ஊசிகளின் கூட்டுச் சிகிச்சை: எந்தப் பிள்ளைக்கு, எதற்காக?

மழைக்காலம் ஆரம்பித்ததும் எமது வைத்தியசாலைகளின் சிறுவர் விடுதிகளிலும் வெளிநோயாளர் பிரிவுகளிலும் ஒரே காட்சியைத்தான் காண்கிறோம். முகத்தில் நெபுலைசர் மூடியுடன் தாயின் மடியில் சாய்ந்திருக்கும் பிள்ளைகள். முட்டு, தொய்வு, இழுப்பு என்று ஊருக்கு ஒரு பெயரால் அழைக்கப்படும் ஆஸ்துமா நோயே அவர்களுள் பெரும்பாலானோரை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றது. "இதற்கு நிரந்தரமாக ஒன்றும் செய்ய முடியாதா?" என்று பெற்றோர் கேட்பதும் வழமை. வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலமாகவோ இணையத்தின் வாயிலாகவோ "மாதம் ஓர் ஊசி" என்றும் "ஒவ்வாமைத் தடுப்பூசி" என்றும் இரண்டு செய்திகள் இன்று அவர்களின் காதுக்கு எட்டுகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல. எனினும், இவற்றைச் சேர்த்து வழங்குவது குறித்து மருத்துவ உலகம் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றது. அந்த ஆராய்ச்சி எதைக் காட்டியுள்ளது, எதைக் காட்டவில்லை என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

எல்லா ஆஸ்துமாவும் ஒவ்வாமையால் வருவதல்ல. ஆயினும் பாடசாலைப் பருவத்துச் சிறுவர்களில் ஒவ்வாமையின் பங்கு பெரிது. எம்மைப் போன்ற ஈரப்பதன் மிக்க நாடுகளில் அதற்கு முதற் காரணமாக இருப்பது மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணி ஆகும். வீட்டுத் தூசு ஒத்துக்கொள்ளாமைக்கு இந்தச் சிற்றுண்ணியே காரணம் என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் 1964 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். உண்ணி கடிப்பதில்லை. அதன் எச்சத்திலுள்ள புரதங்களே மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன.

இப்புரதம் உடலுக்குள் சென்றதும் ஒவ்வாமைத் தன்மையுள்ள பிள்ளையின் உடல் ஐ.ஜி.ஈ. எனப்படும் பிறபொருளெதிரியை உற்பத்தி செய்கின்றது. ஐ.ஜி.ஈ. மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள 'மாஸ்ட்' கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மீண்டும் அதே புரதம் வந்து அதனைத் தொட்டவுடன் அக்கலங்கள் வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலான இரசாயனங்களைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி பெருகுகிறது. தாய்க்குக் கேட்கும் அந்த விசில் சத்தம் இதன் விளைவே.

இனி முதலாவது ஊசியைப் பார்ப்போம். லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய லெனார்ட் நூன், புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசி மூலம் ஏற்றி, நோயாளரின் உடலைப் பழக்கலாம் என 1911 இல் அறிவித்தார். இரண்டாண்டுகளில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவரது சகாவான ஜோன் ஃபிறீமன் அப்பணியைத் தொடர்ந்தார். ஒவ்வாமைப் பொருளைக் கொண்டே ஒவ்வாமையை அடக்கும் இம்முறை இன்று எதிர்ப்புச்சக்திச் சிகிச்சை எனப்படுகின்றது. முதலில் சில மாதங்களுக்கு வாரந்தோறும் அளவைக் கூட்டுவர். பின்னர் மாதம் ஒருமுறை என மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்வர். நாவின் கீழ் வைக்கும் மாத்திரை வடிவிலும் இது உண்டு. நிறுத்திய பின்னரும் பயன் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும் என்பதே இதன் தனிச்சிறப்பு. மற்ற மருந்துகள் நோயை அடக்கிவைக்க, இது நோயின் போக்கையே மாற்ற முயல்கின்றது.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. உடலுக்கு ஆகாத பொருளையே உடலுக்குள் செலுத்துகிறோம் அல்லவா? பிரித்தானியாவில் 1957 முதல் 1986 வரை இத்தகைய ஊசிகளால் 26 பேர் உயிரிழந்ததாக அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986 இல் அறிவித்ததுடன், இச்சிகிச்சைக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இறந்தோரில் காரணம் பதிவாகியிருந்தவர்களுள் ஏறத்தாழ அனைவரும் ஆஸ்துமாவுக்காக ஊசி ஏற்றப்பட்டவர்கள். அன்று முதல் இன்றுவரை எல்லா வழிகாட்டல்களும் ஒரே விதியைக் கூறுகின்றன: ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இந்த ஊசி ஏற்றக்கூடாது.

இங்குதான் முரண்பாடு எழுகின்றது. நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை எந்தப் பிள்ளைக்கு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளைக்கே அதன் கதவு மூடப்பட்டிருக்கின்றது. நாம் பேசவந்த கூட்டுச் சிகிச்சை அந்தக் கதவைத் திறக்கும் முயற்சியே.

இரண்டாவது ஊசி ஒமாலிசுமாப் என்னும் உயிரியல் மருந்து. அமெரிக்காவில் 2003 இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 இலும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு இது அங்கீகரிக்கப்பட்டது. ஆறு வயதிலிருந்தே வழங்கலாம் என்ற அனுமதி ஐரோப்பாவில் 2009 இலும் அமெரிக்காவில் 2016 இலும் கிடைத்தது. இரத்தத்தில் மிதக்கும் ஐ.ஜி.ஈ.யை, அது மாஸ்ட் கலத்தில் ஒட்டுவதற்கு முன்னரே, இம்மருந்து பிடித்துக்கொள்கின்றது. துப்பாக்கியைப் பறிக்க முடியாவிட்டாலும் ரவைகளைப் பறித்துவிடுவது போன்றது இது. நாளடைவில் கலங்களின் மீது ஐ.ஜி.ஈ. ஒட்டும் இடங்களும் குறைந்துபோகின்றன. இதற்குச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை செல்லும்.

பிள்ளைகளில் இதன் பயன் நன்கு நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்க நகர்ப்புறங்களின் வறிய பகுதிகளைச் சேர்ந்த, 6 முதல் 20 வயது வரையான 419 பேரில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், கடும் மூச்சுத்திணறல் ஒருமுறையேனும் வந்தோர் வெற்று ஊசி பெற்ற பிரிவில் 48.8 வீதமாகவும் மருந்து பெற்ற பிரிவில் 30.3 வீதமாகவும் இருந்தனர். எனினும் ஒமாலிசுமாப் போடும் வரைதான் காவல். நிறுத்தினால் சில மாதங்களில் ஐ.ஜி.ஈ. பழையபடி சுதந்திரமாக உலவத் தொடங்கும்.

ஆக, ஒன்று நீடித்த பலன் தரும், ஆனால் ஆபத்தானது. மற்றையது காவல் தரும், ஆனால் நீடிக்காது. முதலில் ஒமாலிசுமாப் கொடுத்து மூச்சுக்குழாயை அமைதிப்படுத்தி, அந்தக் காவலின் கீழ் ஒவ்வாமை ஊசியின் அளவைக் கூட்டிச் செல்லலாம் என்பதே மருத்துவர்களின் எண்ணம். ஜேர்மனியில் 6 முதல் 17 வயது வரையான 221 பேரில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை ஊசி மட்டும் பெற்றோரைவிட இரண்டையும் பெற்றோருக்கு மகரந்தக் காலத் தொல்லைகள் 48 வீதம் குறைந்திருந்தன. ஆனால் அது மகரந்தத்தால் வரும் மூக்கு ஒவ்வாமை பற்றிய ஆய்வேயன்றி ஆஸ்துமா பற்றியதன்று. ஆஸ்துமா நோயாளர் 248 பேரில் நடத்தப்பட்ட ஆய்வு 2010 இல் வெளியாயிற்று. பூனை, நாய், தூசுச் சிற்றுண்ணி ஆகியவற்றுக்கான ஊசி அதில் விரைவாகக் கூட்டப்பட்டது. உடல் முழுவதையும் பாதிக்கும் எதிர்விளைவு ஒமாலிசுமாப் பெற்றோரில் 13.5 வீதத்தினருக்கும், பெறாதோரில் 26.2 வீதத்தினருக்கும் ஏற்பட்டது. அதாவது ஆபத்து பாதியாயிற்று. இல்லாமற் போகவில்லை. மேலும் அதில் பங்குபற்றியோர் வயது வந்தவர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத ஒவ்வாமை ஆஸ்துமாவுள்ள சிறுவர்களில் மட்டும் நடத்தப்பட்ட பெரிய ஆய்வுகள் அரிது என்பதை நாம் மறைக்கலாகாது.

காவலை எப்போது விலக்குவது என்பதும் முழுமையாகத் தீராத கேள்வியே. ஜேர்மனியில் பருவகால ஆஸ்துமா உள்ளவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஒமாலிசுமாப் நிறுத்தப்பட்ட அடுத்த ஆண்டில் அதனால் கிடைத்த மேலதிக நன்மை காணப்படவில்லை. ஆகவே இது நோயை இருமடங்கு வேகத்தில் குணமாக்கும் கலவை அல்ல. ஒவ்வாமை ஊசியின் கடினமான முதற்கட்டத்தைக் கடக்க உதவும் பாலம் என்று கொள்வதே பொருத்தம்.

எமது நாட்டைப் பொறுத்தவரையில் இன்னும் சில சிக்கல்கள் உள்ளன. ஒமாலிசுமாபின் அளவு பிள்ளையின் நிறையையும் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஈ.யின் அளவையும் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. குடற்புழுத் தொற்றும் ஐ.ஜி.ஈ.யை உயர்த்தும். எனவே பூச்சி மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படாத பிள்ளையின் இரத்தப் பரிசோதனை தவறான எண்ணத்தைத் தரலாம். புழுத் தொற்றுக்கு எதிராக உடல் பயன்படுத்தும் ஆயுதங்களுள் ஐ.ஜி.ஈ.யும் ஒன்று என்பதால், அத்தொற்று மிகுந்த இடங்களில் இம்மருந்தை அவதானத்துடன் வழங்குமாறு உற்பத்தியாளரின் குறிப்பே எச்சரிக்கின்றது. ஒமாலிசுமாபினாலும் ஆயிரத்தில் ஓரிருவருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007 இல் விசேட எச்சரிக்கையை இணைத்தது. ஒவ்வாமை ஊசி ஏற்றிய பின் குறைந்தது அரை மணி நேரமாவது வைத்தியரின் கண்காணிப்பில் இருக்கவேண்டும். அதிரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இவையில்லாத இடத்தில் எவரேனும் இதைச் செய்ய முன்வந்தால் பெற்றோர் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

அடுத்தது விலை. சாதாரண குடும்பமொன்றால் மாதந்தோறும் தாங்கக்கூடிய மருந்து அல்ல இது. இதற்கு நிகரான மாற்று மருந்து ஒன்றுக்கு ஐரோப்பா 2024 இலும் அமெரிக்கா 2025 இலும் அனுமதி வழங்கியுள்ளமை ஓரளவு நம்பிக்கை தருகின்றது. ஆனால் 2022 இல் அடிப்படை மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவிய நாட்டில் வாழும் நாம் அந்த நம்பிக்கையை அளவோடு வைத்திருப்பது நல்லது.

இவையெல்லாவற்றுக்கும் முன்பாக நிற்பது இன்ஹேலர். 'பம்ப் அடித்தால் பழகிவிடும்' என்ற அச்சத்தால் நாளாந்தம் எடுக்கவேண்டிய தடுப்பு இன்ஹேலரைப் பாதியில் கைவிடும் வீடுகள் இன்னும் ஏராளம். அது போதைப் பழக்கம் அல்ல. கட்டுப்படாத ஆஸ்துமா என்று அனுப்பப்படும் பிள்ளைகளில் கணிசமானோருக்கு உண்மையில் மருந்து போதாமல் இல்லை. மருந்து நுரையீரலைச் சென்றடையவில்லை. ஸ்பேசர் குழாய் இல்லாமல் வாயில் அடித்து விழுங்குவதும், இழுப்பு நின்றதும் நிறுத்திவிடுவதும், வீட்டுக்குள் புகைப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே சிறுவர் நோய் வைத்திய நிபுணரிடம் உயிரியல் மருந்து பற்றிக் கேட்கச் செல்லும் பெற்றோர் பிள்ளையின் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். பிள்ளை அதைப் பயன்படுத்தும் விதத்தை அவர் முன்னிலையில் செய்து காட்டட்டும். அதில் குறையொன்றுமில்லை, தூசுச் சிற்றுண்ணியே காரணம் என்பது தோற் பரிசோதனையிலும் உறுதியாகியுள்ளது, அப்படியிருந்தும் பிள்ளை மாதாமாதம் விடுதியில் அனுமதிக்கப்படுகின்றது என்றால், அப்போதுதான் இரு ஊசிகள் பற்றிய பேச்சைத் தொடங்கவேண்டும்.