ஜாவா இருக்கு, ஆனா இல்ல!

ஜாவா லேபில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ‘ஜாவாசி’ என்று அடித்தால், அப்படி ஒரு கமாண்டே தெரியாது என்கிறது கம்ப்யூட்டர். பையன் உடனே ஜாவாவை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி இன்ஸ்டால் பண்ணுவான். பிராக்டிகல்ல அரை மணி நேரம் காலி. ஆனா பல நேரம் ஜாவா அங்கேயேதான் இருக்கும். பிரச்சினை, ‘பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில்.

அடிக்கிற கமாண்டை எந்தெந்த ஃபோல்டரில் தேடணும் என்ற பட்டியல்தான் பாத். அதை மாத்துறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. சேலம், நாமக்கல் பக்கம் அண்ணன், அக்கா வாங்கின அந்த லேப்டாப் வீட்டில் இன்னும் ஓடுதுன்னா, ரெண்டு முறையையும் ஒரே மெஷின்ல பழகிடலாம்.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் எக்கோ %பாத்% (ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும், தெரியும்ல!). வெறும் ‘செட்’ என்றால் எல்லா வேரியபிளும் வரும். லினக்ஸிலும் மேக்கிலும் எக்கோ $பாத். எல்லாம் வேணும்னா ‘பிரிண்ட்என்வ்’. இங்கே பாத் என்பது முழுக்க கேப்பிட்டலில் இருக்கணும், விண்டோஸ் அதைக் கண்டுக்காது. ஃபோல்டர்களைப் பிரிக்க விண்டோஸில் செமிகோலன், மத்த ரெண்டிலும் கோலன். வர்ற பட்டியலில் ஜேடிகே-யின் ‘பின்’ ஃபோல்டர் இருக்கான்னு தேடுங்க.

நிறைய பேரை ஏமாத்துறது பவர்ஷெல். அங்கே எக்கோ %பாத்% போட்டால் எரர் வராது. அடிச்சதே அப்படியே திரும்பி வரும். நம்மாளு பாத் காலின்னு நினைச்சுப்பான். அங்கே $என்வ்:பாத் என்றுதான் கேட்கணும். விண்டோஸில் விஎஸ் கோட் திறக்கிற டெர்மினல் பெரும்பாலும் பவர்ஷெல்தான்.

பாத்தை மாத்தியும் வரலையா? ஒரு புரோகிராம் தொடங்கும்போதே, தன்னைத் தொடங்கினதுகிட்ட இருந்து வேரியபிள்களின் நகலை வாங்கிக்கும். அப்புறம் நீங்க செட்டிங்ஸில் மாத்தினது அதுக்குப் போகாது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினப்புறம் வீட்டில் அம்மா சுட்ட முறுக்கு ஹாஸ்டலுக்கு வருமா? அதே கதை. அதனால விஎஸ் கோடுக்குள்ளேயே புது டெர்மினல் திறந்தா பத்தாது, விஎஸ் கோடையே முழுசா மூடித் திறங்க.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்கிறேன். ‘செட்எக்ஸ்’ கமாண்டால் பாத்தை மாத்தாதீங்க. 1024 எழுத்தைத் தாண்டினா மீதியை வெட்டிடும். ஜாவாவைச் சேர்க்கப் போய் பைத்தானைத் தொலைச்சுடுவீங்க. செட்டிங்ஸில் ‘எடிட்’ போட்டுச் சேருங்க. அதுக்கும் முன்னாடி, பழைய பாத்தை நோட்பேடில் காப்பி பண்ணி வச்சுக்கோங்க.