முதல் 512 பைட்டும் 48 இலக்கச் சாவியும்

லிலோ காலத்தில், கணினி பூட் ஆகாமல் நின்றால் திரையில் எத்தனை எழுத்து வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எல், ஐ, எல், ஓ என்ற நான்கு எழுத்தையும் லினக்ஸை எழுப்பும் அந்த பூட் லோடர் ஒவ்வொன்றாகத்தான் இடும். ஒரு கட்டம் தாண்டினால் ஓர் எழுத்து. 'எல்' வந்து பின்னால் எண்களாக ஓடினால், இரண்டாம் கட்டத்தை டிஸ்கிலிருந்து படிக்க முடியவில்லை. 'எல்ஐ' என்று நின்றால், படித்தாயிற்று, ஓட்ட முடியவில்லை. பூட் கோப்பை இடம் மாற்றிவிட்டு லிலோ கட்டளையை மறுபடி கொடுக்காமல் விட்டால் இப்படி ஆகும். லிலோவுக்கு ஃபைல் சிஸ்டம் தெரியாது. டிஸ்கில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று முன்கூட்டிக் குறித்து வைத்த பட்டியலை நம்பியே அது ஓடியது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தவர்களின் தொல்லையெல்லாம் அன்று ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் இருந்தது. அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. பயாஸ் அந்த ஓர் இடத்தைப் படித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்த இடம்போல் லினக்ஸ் அங்கே தன் பூட் லோடரை வைத்திருக்கும். விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பியை மறுபடி போட்டால், ஒரு வார்த்தை கேட்காமல் துண்டை எடுத்தெறிந்துவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். வைரஸ் வந்தாலே ஃபார்மட் போட்ட காலம் அது. லினக்ஸின் கோப்புகள் ஒன்றுகூட அழிந்திருக்காது, ஆனால் உள்ளே போக வழி இருக்காது.

மருந்தும் எளிமையானதுதான். லினக்ஸ் வேண்டாம் என்றால் டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து எஃப்டிஸ்க் கட்டளையில் 'எம்பிஆர்' என்று சேர்த்தால் போதும்; எக்ஸ்பியில் சிடியைப் போட்டு 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. லினக்ஸ் திரும்ப வேண்டும் என்றால் லைவ் சிடி. 2000-இல் வந்த நாப்பிக்ஸும், பிறகு தபாலில் இலவசமாகவே வீடு தேடி வந்த உபுண்டு சிடியும் எத்தனையோ கணினிகளைப் பிழைக்க வைத்தன.

தமிழ்நாட்டில் இரண்டு ஓஎஸ் கொண்ட கணினியைப் பெரும் எண்ணிக்கையில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது, 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இரண்டு ஓஎஸ்ஸையும் கிரப் என்ற பூட் லோடர் எழுப்பும் பழைய பயாஸ் கணினியில், இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்கும். முதல் 512 பைட்டில் கிரப்பின் தலை இருக்கிறது, உடல் அழிந்துவிட்டது. அதற்கு விண்டோஸ் டிஸ்க்தான் வழி. பார்ட்டிஷன் அழியாமல் எண் மட்டும் மாறியிருந்தால் அங்கேயே சரிசெய்யலாம். 'எல்எஸ்' என்று அடித்தால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். 'தெரியாத ஃபைல் சிஸ்டம்' என்றே பதில் வந்துகொண்டிருக்கும். ஏதோ ஒன்றில் பூட் ஃபோல்டர் கண்ணில் படும். ரூட், பிரிஃபிக்ஸ் இரண்டையும் அதற்கு மாற்றி, 'நார்மல்' மாட்யூலை ஏற்றி, 'நார்மல்' என்று அடித்தால் பழைய மெனு வந்து நிற்கும். கணினி எப்படி எழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுத்த பாடம் வேறில்லை.

இன்று அந்த இடச்சண்டை கிட்டத்தட்ட இல்லை. பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ வந்த பிறகு, டிஸ்கில் தனியாக ஒரு சிறு பார்ட்டிஷன் இருக்கிறது. அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், அந்தப் பார்ட்டிஷனை அழிக்காதவரை, லினக்ஸ் ஃபோல்டர் பத்திரமாக இருக்கும். வரிசையில் மட்டும் விண்டோஸ் முன்னால் போய் நிற்கும். பூட் மெனு பட்டனை அழுத்தி லினக்ஸுக்குள் போய் வரிசையை மாற்றிவிடலாம். (இரண்டு ஓஎஸ்ஸுக்கும் மாறி மாறிப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகுவது மட்டும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.)

கோளாறு இப்போது அனுமதியில் வருகிறது. 2012-இல் விண்டோஸ் 8-ஓடு பரவிய செக்யூர் பூட், கையொப்பம் இல்லாத பூட் லோடரை ஓட விடாது. அதனால் லினக்ஸ்காரர்கள் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரலை முன்னால் வைத்துத்தான் உள்ளே போகிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய பூட் லோடர்களை நம்பாதே என்ற பட்டியலைப் புதுப்பித்தது. இரண்டு ஓஎஸ் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், நேற்றுவரை ஓடிய பல லினக்ஸ்கள் மறுநாள் எழவில்லை. டிஸ்கில் ஒரு பைட்கூடக் கெடவில்லை. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்தப் பட்டியலை நீக்கி, மறுபடி ஆன் செய்து சரிசெய்தார்கள்.

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். செக்யூர் பூட்டைத் தொட்டவுடன், டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். தன் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிகிறது. 2024-க்குப் பிறகு புதிதாகப் போடும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கைத் திறந்து கொடுத்தது கடைக்காரரா, வீட்டுப் பையனா என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது. அன்று எந்த லைவ் சிடியைப் போட்டாலும் கல்யாண ஃபோட்டோவையாவது எடுத்துவிடலாம். இன்று சாவி இல்லாவிட்டால் அது போனது போனதுதான். திருடனிடமிருந்து காக்கும் பூட்டு நல்லது, வேண்டியதும்கூட. ஆனால் கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் போட்ட பூட்டை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

ஆகவே, "லினக்ஸும் சேர்த்துப் போட்டுக்கொடுங்க" என்று யார் வந்தாலும் நான் பென் டிரைவைத் தேடுவதற்கு முன் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். பூட்டியிருந்தால், அந்த 48 இலக்கத்தை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கும்வரை பார்ட்டிஷனைத் தொடுவதில்லை.